பச்சைப் பிள்ளை விஷயத்தில் எதற்குப் பிடிவாதம் பிடிக்கலாம்?

தங்கைக்குப் பிள்ளை பிறந்து, இப்போது அம்மா வீட்டில் இருக்கிறாள். பகலெல்லாம் சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு எனக்கு போன் வரும். "அக்கா, ஆச்சி மூக்குல எண்ணெய் விடணும்ங்கிறாங்க. டாக்டரம்மா கூடவே கூடாதுங்கிறாங்க. யூடியூப்ல ஒருத்தர் ரொம்ப நல்லதுங்கிறார். நான் யாரு சொல்றதக் கேக்க?" மறுநாள் வசம்பு பற்றிக் கேட்பாள். அதற்கடுத்த நாள், குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்குகிறானே, போடலாமா என்பாள்.

என் மகள் பிறந்தபோது நானும் இதே கேள்விகளோடுதான் உட்கார்ந்திருந்தேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கிற வேலையில் இருப்பவள். அன்று படித்ததையும் பிறகு படித்ததையும் தங்கைக்குச் சொன்னது போலவே இங்கே எழுதுகிறேன். அவளைப் போல ராத்திரியில் கண்விழித்துத் தேடுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள்.

அவளிடம் முதலில் சொன்னது இதுதான்: எல்லாவற்றுக்கும் ஆய்வு தேடாதே. "இது தப்பாகப் போனால் என்ன ஆகும்?" என்று மட்டும் முதலில் கேட்டுப் பார். மொட்டை ஏழாம் மாதத்தில் போடுவதா, பதினோராம் மாதத்தில் போடுவதா? எப்போது போட்டாலும் முடி வளரும். அதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். தப்பானால் மூச்சுக்கோ உயிருக்கோ ஆபத்து என்கிற விஷயங்கள் கொஞ்சம்தான் இருக்கின்றன. அந்தக் கொஞ்சத்தில் மட்டும் கறாராக நில்.

அதில் முதலாவது, தூங்க வைக்கும் விதம்.

பெஞ்சமின் ஸ்போக் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1946-ல் பிள்ளை வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கோடிக்கணக்கில் விற்ற புத்தகம். அதன் 1950-களின் பதிப்பிலிருந்து, குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்று எழுதியிருந்தார். மல்லாக்கப் படுத்திருக்கும்போது வாந்தி எடுத்தால் புரையேறிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. நம் வீட்டுப் பெரியவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஸ்போக் பொறுப்பில்லாதவர் இல்லை. பெற்றோரிடம் கனிவாகப் பேசியவர், அதனால்தான் அத்தனை பேர் நம்பினார்கள். ஆனால் அந்த நியாயம் சரிதானா என்று சோதித்துப் பார்க்கப்படவில்லை.

ராத்திரி நன்றாகத் தூங்கிய பிள்ளை காலையில் உயிரோடு இல்லை, பிரேதப் பரிசோதனையிலும் காரணம் தெரியவில்லை. இதைத் திடீர்ச் சிசு மரணம் என்கிறார்கள். இப்படி இறந்த பிள்ளைகள் எப்படிப் படுத்திருந்தார்கள், அதே வயதில் நலமாக இருக்கும் பிள்ளைகள் எப்படிப் படுக்கிறார்கள் என்று ஒப்பிட்ட ஆய்வுகள் பல நாடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துகொண்டிருந்தன. 2005-ல் ரூத் கில்பர்ட் என்பவரும் சக ஆய்வாளர்களும் அவற்றையெல்லாம் கால வரிசைப்படி கூட்டிப் பார்த்தார்கள். குப்புறப் படுப்பது ஆபத்து என்பதற்கான சான்று 1970-லேயே போதுமான அளவு சேர்ந்திருந்தது. ஆனால் "மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்ற பிரசாரம் பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும்தான் தொடங்கியது. சான்றுகளை முன்பே தொகுத்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 பிள்ளைகள் பிழைத்திருக்கலாம் என்பது அவர்களின் கணக்கு. பிரசாரத்துக்குப் பிறகு அமெரிக்காவில் இந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின.

முதன்முதலாக இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் கிடந்த மகளின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்தில்லாமல், காசில்லாமல், படுக்கை நிலையை மாற்றினாலே போதும் என்றிருந்த ஒன்றுக்கு இருபது வருடம் பிடித்திருக்கிறது.

சரி, புரையேறுமே? மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறக் கிடந்தால்தான் அது சுலபமாக இறங்கும். ஆச்சிக்கு இதைக் கையை மடக்கி, இது மேலே இது கீழே என்று காட்டியபோது கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப முழிச்சிருக்கும்போது குப்புறப் போடலாமாட்டி?" என்றார். தாராளமாகப் போடலாம். ஆள் பக்கத்தில் இருந்து, பிள்ளையும் விழித்திருக்கும்போது குப்புறப் போட்டால் கழுத்துக்கும் தோளுக்கும் நல்லது.

பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா என்ற கேள்வியும் கூடவே வரும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் ஒரே அறையில், ஆனால் தனிப் படுக்கையில் என்கிறது. பிரிட்டனில் கொடுக்கும் அறிவுரை, ஆபத்து எங்கே கூடுகிறது என்று பிரித்துச் சொல்கிறது: பீடி சிகரெட் பிடிப்பவர், குடித்தவர், தூக்க மாத்திரை போட்டவர் பக்கத்தில், சோபாவில், மெத்து மெத்தென்ற மெத்தை, தலையணை, கனத்த போர்வைக்கு நடுவில், குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த பிள்ளை. இந்த இடத்தில் ஆய்வு எந்த ஊரில் நடந்தது, அங்கே மக்கள் எப்படிப் படுக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். தரையில் கோரைப்பாய் விரித்து மேலே ஒரு துணி போட்டுப் படுக்கும் வீடும், ஒரு அடி உயர மெத்தையில் மூன்று தலையணையோடு படுக்கும் வீடும் ஒன்றல்ல. நாங்கள் பாயில்தான் படுத்தோம். பிள்ளைக்கு அருகிலேயே தனித் துணி, தலையணை கிடையாது, எங்கள் போர்வை அவள் பக்கம் வராது.

"நான் பெத்த அஞ்சையும் இப்படித்தான் வளத்தேன், எல்லாம் குத்துக்கல்லாட்டம் இருக்கு." இந்த வாதம் எல்லா வீட்டிலும் வரும். இதற்கு எதிர்வாதம் செய்து பெரியவர்களைப் புண்படுத்த வேண்டாம். ஆனால் நமக்குள் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். நம்மிடம் பேச வருவது தங்கிய பிள்ளைகளின் கதை மட்டும்தான். ஆச்சி அந்த ஐந்து பேரைப் பற்றிச் சொல்லும்போதே, தங்காமல் போன ஒன்றைப் பற்றி அடுப்படியில் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். 1971-ல் இந்தியாவில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020-ல் அது 28. தமிழ்நாட்டில் 13. தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் நல்ல தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் சேர்ந்து செய்த காரியம் இது.

இனி எண்ணெய். ஆச்சி பிள்ளையைக் குளிப்பாட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முற்றத்தில் மணைப்பலகை போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலுக்கு நடுவில் பிள்ளையைக் கிடத்திக்கொள்வார். வெந்நீரை முழங்கையில் விட்டுச் சூடு பார்ப்பார். கை, கால், முதுகு என்று எண்ணெய் தடவி நீவுவதில் ஒரு ஒழுங்கு இருக்கும். பிள்ளை கண்ணைச் சொருகிக்கொண்டு கிடக்கும். அதுவரைக்கும் எல்லாம் சரி. கடைசியில் மூக்கில் இரண்டு சொட்டு, காதில் இரண்டு சொட்டு, தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, மூக்கில் வாய் வைத்து ஊதுவது. இங்கேதான் நாம் கையைப் பிடிக்க வேண்டும்.

மூச்சுக்குழாய்க்குள் தண்ணீர் போனால் இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். எண்ணெய் வழுவழுப்பாக இருப்பதால் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நுரையீரலால் எண்ணெயைச் சுலபத்தில் அப்புறப்படுத்த முடியாது. அது அங்கேயே தங்கி அழற்சியை உண்டாக்கும். எண்ணெயால் வரும் இந்த நிமோனியாவைத் தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்கள் மறுபடி மறுபடி பார்த்து எழுதியிருக்கிறார்கள். இதற்கு ஆயிரம் பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து ஆய்வு நடத்தியிருக்கிறார்களா என்று யாராவது கேட்டால், இல்லை, நடத்தவும் கூடாது. எப்படி நடக்கிறது என்பது தெரிந்து, அதனால் நோய்ப்பட்ட பிள்ளைகளையும் கண்ணால் பார்த்த பிறகு, நன்மை என்று ஒன்றும் காட்டப்படாத ஒரு பழக்கத்தைச் சோதிக்கப் பிள்ளைகளை உட்படுத்துவது பாவம். சான்று என்றால் எப்போதும் பெரிய ஆய்வு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

உடம்புக்கு எண்ணெய் தடவுவதை முழுக்க ஆச்சியிடமே விட்டோம். மூக்கடைத்தால் டாக்டர் சொன்ன உப்புநீர்ச் சொட்டு. அந்தப் பாட்டிலை ஆச்சி கையிலேயே கொடுத்துவிட்டோம். சொட்டு விடும் வேலை அவரிடமே இருந்ததால் அவருக்கும் மனக்குறை இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வேண்டாம். முதலில் நாக்கில் படவேண்டியது சீம்பால். தேன் ஒரு வயது வரைக்கும் ஒரு சொட்டுகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்து, பச்சைப் பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று முடிவு செய்துவிட்டால் உரைமருந்து, வசம்பு, கிரைப் வாட்டர், தண்ணீர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில் போதும். வசம்பைத் தூளிக் கயிற்றில் பிள்ளை கைக்கு எட்டாமல் கட்டிக்கொள்ளட்டும். கண் மை வேண்டாம், சிலவற்றில் ஈயம் இருக்கிறது. திருஷ்டிக்கு அரிசி கருக்கிச் செய்த சாந்து நெற்றியில் வைக்கலாம். சாம்பிராணிப் புகை பிள்ளையின் அறைக்கு வேண்டாம். நடைவண்டி என்று கடையில் விற்கும் சக்கர வளையம் வேண்டவே வேண்டாம். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது.

பழையதெல்லாம் தள்ளவேண்டியது என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலடையைப் பாருங்கள். நேரடியாகக் குடிக்க முடியாத எடை குறைந்த பிள்ளைகளுக்குப் பால் புகட்டும் புட்டியைவிட, கிண்ணம், ஸ்பூன், அல்லது பாலடை நல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2011 வழிகாட்டுதல் சொல்கிறது. பாலடை என்று பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். அதைக் கழுவுவது சுலபம், மூலை முடுக்கில் பால் தங்காது.

புத்தம் புது அறிவுரையும் தப்பாகப் போனதுண்டு. 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், ஒவ்வாமை வர வாய்ப்புள்ள பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை கொடுக்காதீர்கள் என்றது. பிரிட்டனிலும் அதே போக்கு. ஆனால் கடலை ஒவ்வாமை குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. லண்டனில் ஒவ்வாமை மருத்துவரான கிடியன் லாக் இஸ்ரேலில் பேசப் போனபோது, கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளையைச் சமீபத்தில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று மருத்துவர்களிடம் கேட்டார். லண்டனில் கேட்டால் கிட்டத்தட்ட எல்லாரும் தூக்குவார்கள். அங்கே இரண்டு மூன்று கைகள்தான் எழுந்தன. அங்கே பல் முளைக்கும் வயதிலேயே கடலையில் செய்த பம்பா என்ற பொரி போன்ற தின்பண்டத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பிரிட்டனில் வாழும் யூதப் பிள்ளைகளையும் இஸ்ரேலியப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2008-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனில் ஒவ்வாமை பத்து மடங்கு அதிகம்.

இங்கேயே நிறுத்தி "கடலை கொடுங்கள்" என்று அறிவித்திருக்கலாம். அவர் அறிவிக்கவில்லை. இரண்டு நாட்டுக்கும் இடையில் வெயிலில் இருந்து வாழ்க்கை முறை வரை ஆயிரம் வித்தியாசம் இருக்கும். அதனால் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள, 4 முதல் 11 மாதத்துக்குள்ளான 640 பிள்ளைகளைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வாரம் தவறாமல் கடலை; மறு பாதிக்கு ஐந்து வயது வரை கடலையே இல்லை. 2015-ல் முடிவு வந்தது. தொடக்கத் தோல் சோதனையில் கடலைக்கு எதிர்ப்புக் காட்டாத பிள்ளைகளில், தவிர்த்தவர்களுக்கு 13.7 சதவீதம் ஒவ்வாமை, சாப்பிட்டவர்களுக்கு 1.9 சதவீதம். நல்லது என்று நம்பித் தள்ளிவைத்ததே நோயைக் கூட்டியிருக்கிறது.

நமக்கு இதில் என்ன? ஆறு மாதம் முடிந்து கஞ்சி, கூழ் தொடங்கியதும் கடலையை "பித்தம், சூடு" என்று ஒதுக்கிவைக்க வேண்டாம். வறுத்து நைசாகப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். முழுக் கடலையாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் அடைக்கும். கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள பிள்ளை என்றால் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

ஒரு ஆய்வைப் பற்றிச் செய்தி வந்தால் நான் எண்ணிக்கையைத்தான் முதலில் தேடுவேன். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பயத்தைக் கிளப்பிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையில் இருந்தவர்கள் 12 பிள்ளைகள். அந்தக் கட்டுரையை லான்செட் இதழ் 2010-ல் திரும்பப் பெற்றது. அவர் மருத்துவப் பதிவையும் இழந்தார். 2019-ல் டென்மார்க்கில் வந்த ஆய்வில் இருந்தவர்கள் 6,57,461 பிள்ளைகள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியால் எத்தனை பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை என்பதைப் பார்த்தவர்கள் நாம்.

தாய்ப்பால் பற்றி எழுதத்தான் எனக்கு அதிக ஆசை, பயமும்கூட. பால் சரியாக வராமல் அழுத எத்தனையோ பெண்களை எனக்குத் தெரியும். பெலாரஸ் நாட்டில் மைக்கேல் கிரேமர் என்ற கனடா மருத்துவர் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 31 பிரசவ ஆஸ்பத்திரிகள், 17,046 தாய்–சேய். தாய்ப்பால் கொடுக்காதே என்று யாரிடமும் சொல்ல முடியாதல்லவா? அதனால் சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் தாய்ப்பாலுக்குக் கூடுதல் பயிற்சியும் ஆதரவும் கொடுத்தார்கள், மற்றவற்றில் வழக்கம் போல விட்டார்கள். ஆதரவு கிடைத்த இடங்களில் மூன்றாம் மாதத்தில் 43.3 சதவீதம் பேர் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தார்கள். மற்ற இடங்களில் 6.4 சதவீதம்தான். முதல் வருடத்தில் வயிற்றுப்போக்கு போன்ற குடல் தொற்று 13.2 சதவீதத்திலிருந்து 9.1 ஆகக் குறைந்தது. கரப்பானும் குறைந்தது. பிற்காலத்தில் உடல் பருமன் குறையவில்லை. ஆறரை வயதில் அறிவுத்திறன் சோதனையில் தெரிந்த முன்னிலை 16 வயதில் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

இந்த எண்களை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். தாய்ப்பாலால் தொற்று உண்மையாகவே குறைகிறது. நல்ல தண்ணீர் கிடைக்காத வீட்டில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால் ஆபத்து பெலாரஸைவிடப் பல மடங்கு கூடும். அதனால் எத்தனை கஷ்டப்பட்டாலும் முயற்சி செய்வது தகும். ஆனால் முயன்றும் போதாமல், டாக்டர் சொல்லி, சுத்தமாகக் கரைத்துப் புட்டிப்பால் கொடுக்கும் தாயிடம் போய் "பிள்ளை மந்தமாயிடும்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்தப் பேச்சுக்குச் சான்று இல்லை. இன்னொன்றும் அதே ஆய்வில் தெரிகிறது: 6.4-ஐ 43.3 ஆக்கியது பக்கத்தில் உட்கார்ந்து உதவிய கைகள்தான். பிள்ளைக்காரிக்கு அறிவுரையைவிட ஆள் உதவி வேண்டும்.

எடை குறைந்து பிறந்த பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒரு செய்தி. நெஞ்சோடு நெஞ்சாக, தோல் படப் பிள்ளையை அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பு 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கியது. பிள்ளை நிலைப்பட்ட பிறகே அப்படி வைக்கலாம் என்பது வழக்கமாக இருந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், 1 முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த பிள்ளைகளைப் பிறந்த உடனேயே அப்படி வைத்துப் பார்த்தார்கள். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் ஒன்று. 28 நாளைக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2021-ல் வெளியான அந்த முடிவை வைத்துத்தான் 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதலை மாற்றியது. தாய்க்கு முடியாத நேரத்தில் அப்பாவோ ஆச்சியோ வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கடைசியாக அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. இத்தனையையும் படித்துத் தெரிந்துகொண்ட பெண், மாமியாரிடம் "அத்தை, மூக்குல எண்ணெய் வேண்டாம்" என்று சொன்னால் அது மரியாதைக் குறைவாகப் போய்விடுகிறது. அதையே மகன் சொன்னால் வீட்டில் எடுபடுகிறது. எங்கள் வீட்டில் என் கணவர்தான் சொன்னார். அத்தை ஒரு நாள் முகம் தூக்கி வைத்திருந்துவிட்டு மறுநாள் மறந்துவிட்டார். தடுப்பூசி போடும் நாளில் டாக்டரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்க வேண்டியதை எழுதி எடுத்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104-க்கு அடித்துக் கேளுங்கள். உங்கள் அம்மாவிடம் பேச வேண்டியதை உங்கள் மனைவி தலையில் கட்டாதீர்கள்.